உடுப்பும் கலையும்: சிதம்பரம், கடலூர்ச் சான்றுகளை முன்வைத்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உடையலங்காரத்தைக் கலையென்று கொள்ளலாமா என்னும் கேள்வி பாரிசிலோ மிலானிலோ எழும்போது, பெயர்பெற்ற சில வடிவமைப்பாளர்களின் ஆடைகளை ஓவியங்களுக்குப் பக்கத்தில் அருங்காட்சியகத்தில் வைக்கலாமா என்ற அளவோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சிதம்பரத்தையும் கடலூரையும் மனத்தில் வைத்துக் கேட்டால் அதே கேள்வி வேறு ஆழம் பெறுகிறது. ஆடுகின்ற உருவமே கருவறைத் தெய்வமாக நிற்பதும், அத்தெய்வத்துக்கு உடுத்துவதும் அணிவிப்பதும் நாள்தோறும் நடைபெறும் பணியாக இருப்பதும் சிதம்பரத்தின் தனித்தன்மை. நெசவையும் சாயத்தையும் நம்பி ஐரோப்பியக் கம்பெனிகள் கோட்டை பிடித்துக் காத்திருந்த கரை கடலூருடையது. துணி கலையாவது எந்த இடத்தில், அது சரக்காக மட்டும் நின்றுவிடுவது எந்த இடத்தில் என்பதை ஆராய இவ்விரு ஊர்களும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வேண்டிய சான்றுகளைத் தருகின்றன.

ஆராய்ச்சிக்கு முன் இரண்டு செய்திகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் ஒரு கூட்டத்தார் விரும்பி மேற்கொண்டு, சிறிது காலத்திலேயே சலித்துக் கைவிட்டு, வேறொன்றுக்குத் தாவும் உடைமுறையைத்தான் உலக வழக்கில் ஃபேஷன் என்கிறார்கள். இதற்கு உயிர்நாடி மாற்றம். உடலையும் துணியையும் அணியையும் ஒன்றுக்கொன்று இசைவித்து, பார்ப்பவர் உள்ளத்தில் ஒரு பொருளையோ உணர்வையோ எழுப்பும் திறனை உடுப்புக்கலை எனலாம்; இதற்கு உயிர்நாடி இசைவு. முன்னதைச் சந்தை ஓட்டுகிறது. பின்னது சந்தைக்கு முன்பே இருந்தது, சந்தைக்குள்ளும் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதனால்தான் ஒருசாரார் ஃபேஷனை வானளாவப் புகழ்ந்தும் மறுசாரார் வெறும் பகட்டென்று தள்ளியும் இன்றுவரை வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உடை கலையாகாது என்போர் சொல்லும் தடைகள் மூன்று. அது பயன்பாட்டுப் பொருள் என்பது முதல் தடை. காசுக்காக, பிறர் கேட்டபடி செய்யப்படுவது என்பது இரண்டாவது. நிலைக்காமல் மாறிக்கொண்டே இருப்பது என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் தமிழ்நாட்டில் யாரும் நெடுநேரம் பேச வேண்டியதில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் அனைத்தும் வழிபாட்டுப் பயனுக்காக, கொடையாளர் பொன் கொடுக்க, ஆகம அளவு மாறாமல் வார்க்கப்பட்டவை; பயனும் கூலியும் கலைக்குப் பகை என்றால் அவற்றுள் ஒன்றுகூடக் கலையென்று நிற்காது. எஞ்சுவது மூன்றாவது தடை. அது உண்மையிலேயே வலுவானது. அதனை இவ்வுரை இறுதியில் எடுத்துக்கொள்ளும்.

மேலைநாட்டு மெய்யியல் இப்பொருளைப் புறக்கணித்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுவது முழு உண்மையன்று. இமானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட தீர்ப்புத்திறன் பற்றிய நூலில் நுண்கலைகளை வகைப்படுத்தும்போது, சுவையறிந்து உடுத்தும் கலையை ஓவியத்தின் விரிந்த பொருளுக்குள் சேர்க்கிறார். கண்ணுக்கு இன்பம் தருவதையன்றி வேறெதையும் கருதாமல் பார்க்கும்போது அதுவும் ஓவியத்தோடு ஒத்தது என்பது அவருடைய கருத்து. அதே காண்ட் 1798இல் வெளியான மானிடவியல் நூலில் ஃபேஷனைத் தற்பெருமையோடும் மடமையோடும் சேர்த்துப் பேசுகிறார். இதில் முரண்பாடு இல்லை. மேலே பிரித்துக் காட்டிய இரண்டும் வேறு வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும்.

ஆயினும் இவ்வூர்களுக்கு நெருக்கமான சிந்தனையாளர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்து, 1917 முதல் தம் இறுதிக்காலம் வரை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவர், தில்லைக் கூத்தனின் ஆடலை உலகறியச் செய்த கட்டுரையைத் தலைப்பாகக் கொண்டு 1918இல் ஒரு தொகுதியை வெளியிட்டார். நுண்கலை என்றும் கைவினை என்றும் இரு கூறாக்குவது அண்மைக்காலத் தொழிற்சமூகம் செய்த பிழை, மரபுவழிச் சமூகங்களில் செய்நேர்த்தியோடு செய்யப்படும் எதுவும் கலையே என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வாதிட்ட கொள்கை. இலங்கையில் இளமைக்காலத்தில் அவர் எடுத்த முதல் பொதுப்பணிகளுள் ஒன்று, மேலைநாட்டு உடையைக் கண்மூடிப் பின்பற்றுவதற்கு எதிரான பரப்புரை என்பதும் கருதத்தக்கது. உடையைச் சிற்பத்துக்கு நிகராக மதித்த ஒருவர்தான் அதன் சீர்கேட்டுக்கு அவ்வளவு வருந்தியிருக்க முடியும். எனினும் அவருடைய கொள்கையில் ஒரு குறை உண்டு. மரபு மாறாதது என்று அவர் நம்பிய அளவுக்கு மரபு மாறாமல் இருந்ததில்லை. அதற்குச் சிதம்பரமே சாட்சி.

இந்திய நாடக இலக்கணம் உடைக்குக் கொடுத்த இடத்தைப் பார்த்தால் இக்கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. பரதரின் நாட்டிய சாத்திரம் அபிநயத்தை, அதாவது பொருளைப் பார்ப்பவரிடம் கொண்டுசேர்க்கும் வெளிப்பாட்டை, நான்காகப் பகுக்கிறது. உடலுறுப்புகளால் காட்டுவது ஆங்கிகம். சொல்லாலும் பாட்டாலும் காட்டுவது வாசிகம். உள்ளத்து மெய்ப்பாட்டால் காட்டுவது சாத்துவிகம். உடை, அணிகலன், முகப்பூச்சு, மேடைப்பொருள் ஆகியவற்றால் காட்டுவது ஆகாரியம். உடை இங்கே மற்ற மூன்றுக்கும் துணைப்பொருளாக வரவில்லை, அவற்றோடு சமமாக எண்ணப்படுகிறது. வாத்சியாயனர் தொகுத்த அறுபத்துநான்கு கலைகளின் வரிசையிலும் ஒப்பனை செய்தல், அணி பூட்டுதல், தையல் வேலை ஆகியவை இசைக்கும் ஓவியத்துக்கும் இருக்கும் அதே வரிசையில் இடம்பெற்றிருக்கின்றன. தமிழில் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, மாதவி ஆடிய பதினோராடலையும் அவ்வவ்வாடலுக்குரிய கோலத்தோடு சொல்லிவிட்டு, அவள் கோவலனை மகிழ்விக்கப் பூண்ட அணிகளைக் கால்விரல் தொடங்கித் தலைவரை முறையாக அடுக்குகிறது. ஊர்காண் காதைக்கு உரை எழுத வந்த அடியார்க்குநல்லார் துகில் வகைகளின் நெடிய பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தருகிறார். உரையாசிரியர் ஒருவர் இத்தனை பெயர்களைத் தொகுத்துக் கொடுக்கிறார் என்றால், அவற்றை வேறுபடுத்திக் காணும் கண் அந்தச் சமூகத்துக்கு இருந்தது என்பது பொருள்.

சிதம்பரம் நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் நூற்றெட்டுக் கரணங்கள், அதாவது கையும் காலும் உடலும் சேர்ந்து இயங்கும் ஆடல் அலகுகள், சிற்பங்களாக இருக்கின்றன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் நாட்டிய சாத்திரச் சுலோகங்களும் உடன் பொறிக்கப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில் எண்பத்தொரு கரணங்களோடு நின்றுபோன வரிசையில் ஆடுபவர் சிவபெருமான். சிதம்பரத்தில் ஆடுபவள் பெண். அவளுடைய உடை உடலோடு ஒட்டி, மடிப்புக் கோடுகளால் மட்டும் குறிக்கப்பட்டிருப்பதால், தொடையின் திருப்பமும் முழங்காலின் மடிப்பும் மறையாமல் தெரிகின்றன. சிற்பி துணியைச் செதுக்கவில்லை, துணி அசைவுக்கு இடம்விடும் முறையைச் செதுக்கியிருக்கிறான் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இச்சிற்பங்களைப் பார்த்து இன்றைய பரதநாட்டிய உடை வந்தது என்று பலர் நம்புகிறார்கள். அந்த உடைக்கு நூறு வயதுகூட நிறையவில்லை. சதிர் என்று வழங்கிய ஆட்டத்தை இசை வேளாளர் குலப் பெண்கள் ஆடிவந்த காலத்தில், கால்சட்டையின் மேல் பட்டுச்சேலையை முன்னே கொசுவம் விட்டுக் கட்டி, கைநீண்ட சோளி அணிந்து ஆடுவதே வழக்கமாக இருந்தது. அக்காலப் புகைப்படங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி அருண்டேல் 1935இல் அடையாற்றில் அரங்கேறியபோதும், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கிய பின்பும், மேடைக்கேற்ற உடையொன்றைப் புதிதாக வகுத்தார். அவ்வேலையில் அவருக்குத் துணைநின்றவர்களுள் கசான் அம்மையார் என்ற இத்தாலியத் தையற்கலைஞரும் ஒருவர். கோயிற் சிற்பத்தின் தொன்மையைத் தாங்கி நிற்பதாக உலகம் நினைக்கும் உடையில் ஓர் ஐரோப்பியப் பெண்ணின் கத்தரிக்கோலுக்கும் பங்குண்டு என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; நல்ல தையல் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் நல்ல தையலே.

அவ்வுடையின் வேலைப்பாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தையற்காரர் ஒரு முழுப் பட்டுச்சேலையை எடுத்து வெட்டுகிறார். முந்தானை மேலாக்காகிறது, உடல் பகுதி கால்சட்டையாகவும் சோளியாகவும் இடுப்பைச் சுற்றும் துண்டாகவும் பிரிகிறது, சரிகைக் கரை உள்ள பகுதி நெருக்கமாக மடித்துத் தைக்கப்பட்டு, இரு கால்களுக்கும் நடுவே விசிறியாகத் தொங்கவிடப்படுகிறது. ஆடுபவர் நேராக நிற்கையில் விசிறி மூடியிருக்கும். அரைமண்டியில், அதாவது குதிகால்கள் நெருங்க, முழங்கால்கள் இருபுறமும் விரிய, பாதி அமர்ந்த நிலையில், அவ்விசிறி ஒவ்வொரு மடிப்பாகத் திறந்து அரைவட்டமாகிறது. அதன் ஓரத்தில் ஓடும் சரிகைக் கரை அந்த அரைவட்டத்துக்கு எல்லைக்கோடு வரைகிறது. முழங்கால் விரிவு ஒருபக்கம் குறைந்தால் கரை வளைந்து காட்டிக் கொடுத்துவிடும். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் அது தெரியும். மடிப்பின் அகலம் கொஞ்சம் கூடினால் விசிறி தடித்துக் காலைத் தடுக்கும். குறைந்தால் தொய்ந்து விரியாது. ஆட்டத்தின் வடிவக்கணக்கைக் கண்ணுக்குக் காட்டும் கருவியாக இங்கே துணி வேலை செய்கிறது. இதைச் செய்யத் தெரிந்த தையற்காரரைக் கலைஞர் என்று அழைக்கத் தயங்குபவர், மிருதங்கத்துக்குத் தோல் மூட்டுபவரின் காதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்.

எல்லோரும் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆடற்கலைஞர் த. பாலசரசுவதி தம் இறுதிவரை சேலைக்கட்டையே விரும்பினார். 1975இல் சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் ஆற்றிய தலைமையுரையில், பரதநாட்டியத்தைத் தூய்மைப்படுத்தப் புறப்பட்டவர்களுக்கு அவர் உறுதியாக மறுமொழி கூறினார். உடை மாற்றத்தின் பின்னால் ஒரு சமூகக் கதையும் உண்டு. ஆட்டம் ஒரு குலத்தாரின் கையிலிருந்து மற்றவர்களிடம் பெயர்ந்த காலத்திலேயே, பழைய உடையும் அந்தப் பழைய பெண்களை நினைவூட்டும் அடையாளமாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டது. அழகுக்காக மட்டும் நிகழும் உடை மாற்றம் அரிது. யார் மதிக்கப்பட வேண்டும், யார் மறக்கப்பட வேண்டும் என்ற முடிவும் அதில் தைக்கப்பட்டிருக்கும். 1981 முதல் மகாசிவராத்திரியையொட்டிச் சிதம்பரத்தில் நடைபெற்றுவரும் நாட்டியாஞ்சலியில் ஆடவரும் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் ஒருவருக்கு, பெரும்பாலும் ஒரே வார்ப்பில் தைத்த விசிறி உடைகளே கண்ணில் படுகின்றன. ஒருகாலத்தில் புதுமையாக வந்தது இன்று சீருடையாகிவிட்டது. கலை சீருடையாக உறைந்துபோகும் அபாயத்துக்கு இதைவிட அண்மையான எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

அதே கோயிலின் கருவறை வேறொரு பாடம் சொல்கிறது. உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் நடராசர் செப்புத் திருமேனிகள் துணியின்றி, விளக்கொளியில், நாற்புறமும் சுற்றிப் பார்க்கும்படி நிற்கின்றன. கலை வரலாற்று நூல்களில் அச்சாகும் படங்களும் அவையே. சிதம்பரத்தில் வழிபடுவோர் அவ்வாறு பார்ப்பதில்லை. ஆண்டுக்கு ஆறு முறை நிகழும் திருமுழுக்கு வேளைகளை விட்டால், பட்டும் பொன்னும் மாலையும் போர்த்திய உருவமே அவர்கள் கண்ட கூத்தபெருமான். வீசிய கையும் தூக்கிய திருவடியும் முகமும் துணிக்கும் பூவுக்கும் இடையிலிருந்து தோன்றுகின்றன. எதை மறைத்து எதைக் காட்டுவது, எந்த நிறத்துக்கு மேல் எந்த மாலை என்ற தீர்மானங்கள் ஒவ்வொரு நாளும் எடுக்கப்பட்டு, அன்றிரவே கலைக்கப்படுகின்றன. அருங்காட்சியகம் சிற்பத்தைக் கலையாக்க முதலில் செய்த வேலை அதன் உடையைக் களைந்ததுதான். சிற்பியின் பங்கை மட்டும் கலையென்று வைத்துக்கொண்டு, உடுத்துபவரின் பங்கைச் சடங்கென்று ஒதுக்கிய அந்தப் பிரிவினைக்கு, நீக்கினால் எளிதில் நீங்கிவிடும் துணியின் இயல்பைத் தவிர வேறு காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

துணி மறைப்பதற்கும் உணர்த்துவதற்கும் ஒருங்கே பயன்படும் என்பதை இவ்வட்டாரம் நன்கறிந்திருக்கிறது. சிதம்பர ரகசியம் என்பது வெளிப்புறம் கறுப்பும் உட்புறம் சிவப்புமான ஒரு திரைக்குப் பின்னால் இருப்பது. வடலூரில் 1872இல் வழிபாடு தொடங்கிய சத்திய ஞான சபையில் இராமலிங்க அடிகள் ஏழு நிறங்களில் ஏழு திரைகளை அமைத்தார். தைப்பூசத்தன்று அவை ஒன்றன்பின் ஒன்றாக நீக்கப்பட்டே சோதி தரிசனம் நிகழ்கிறது. அவரோ தலைவரை போர்த்திய வெள்ளாடை ஒன்றைத் தவிர வேறு உடுத்தவில்லை. நிறங்களின் ஆற்றலை இவ்வளவு அறிந்தவர் தமக்கு வெண்மையைத் தேர்ந்துகொண்டார் என்பதால், அலங்காரத்தை மறுப்பதும் உடுப்பின் மொழியில் சொல்லப்படும் ஒரு கருத்தே என்பது விளங்கும்.

இனிக் கடலூர்க் கரைக்கு வரலாம். செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள நிலமெல்லாம் சேரும் என்ற உடன்படிக்கையால் சுற்றியிருந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு விழுந்த கதை பாடநூல்களில் இருக்கிறது; நெய்தவரின் கதை இல்லை. அக்கம்பெனியும் அதற்கு முன்னரே இக்கரைக்கு வந்திருந்த டச்சுக்காரரும் பரங்கிப்பேட்டை முதல் புதுச்சேரி வரை தேடியது முதன்மையாகத் துணியைத்தான். வெள்ளை நீளத்துணி, அவுரியில் தோய்த்த நீலத்துணி, மெல்லிய சல்லா என்று கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். தென்னார்க்காட்டு அவுரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பெயர்பெற்ற சரக்காக இருந்தது.

அவற்றுள் ஐரோப்பாவின் உடைப் பழக்கத்தையே புரட்டிப்போட்டவை சோழமண்டலக் கரையின் எழுத்துத்துணிகள், அதாவது கலம்காரி. 1742இல் கேர்து என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் இக்கரையிலிருந்து அதன் செய்முறையை விரிவாக எழுதி அனுப்பினார். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவிடுவது; இரும்புத் துருவிலிருந்து எடுத்த கரைசலால் கறுப்புக் கோடு எழுதுவது; சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரைத் தடவிச் சாயவேரோடு வேகவைப்பது; நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டு மீதியை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் தோய்ப்பது; பிறகு மெழுகை நீக்குவது; கடைசியாக நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டிப் பச்சை வரவழைப்பது என அது நீள்கிறது. படிகாரம் தடவும்போது நிறமே தெரியாது. வேகவைத்த பிறகுதான் சிவப்பு வெளிப்படும். எழுதுபவர் கண்ணுக்குத் தெரியாத படத்தை முன்கூட்டியே மனத்தில் கண்டு எழுத வேண்டியிருந்தது. இவ்வளவு முன்நோக்கு வேண்டிய வேலையைக் கைவினை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது நியாயமன்று.

ஆனால் அந்தப் பூக்கொடிகளை எழுதியவர் எல்லாம் தம் விருப்பப்படி எழுதவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. ஐரோப்பாவில் அவ்வாண்டு எது விற்கும் என்று கம்பெனி இயக்குநர்கள் கணித்து, மாதிரிகளை அனுப்பி, அதன்படி எழுதச் சொன்னார்கள். ஃபேஷன் என்ற எந்திரத்தின் ஒரு முனை லண்டனிலும் மறுமுனை இக்கரையின் சாயத் தொட்டியிலும் இருந்தது. அதன் வேகம் எத்தகையது என்பதற்குச் சட்டங்களே சான்று: பிரான்சு 1686 முதல் 1759 வரை இத்துணிகளைத் தடைசெய்தது, இங்கிலாந்து 1700இலும் 1720இலும் சட்டங்கள் இயற்றித் தடுத்தது. 1719இல் வேலையிழந்த லண்டன் நெசவாளர்கள் தெருவில் இந்தியத்துணி அணிந்து சென்ற பெண்களின் ஆடைகளைக் கிழித்தார்கள், அமிலமும் ஊற்றினார்கள். அங்கே ஒரு பெண் அணிந்த பூத்துணிக்காக அடிதடி நடந்தபோது, அதை எழுதியவர் பெயரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அத்துணிகள் கண்ணாடிக்குள் காக்கப்படுகின்றன. 1858இல் பாரிசில் கடை தொடங்கி, தாம் தைத்த ஆடையில் தம் பெயர்ச்சீட்டைத் தைத்துக் கொடுத்த சார்லஸ் பிரெடரிக் வொர்த்தை முதல் உடைக்கலைஞர் என்று வரலாறு கொண்டாடுகிறது. கலைஞன் என்ற தகுதியைத் தந்தது கைத்திறன் மட்டும்தானா, பெயர்ச்சீட்டும்தானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

வடலூரை அடுத்த குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலிக்குப் பெயர்பெற்ற ஊர். கைலியைக் கலையென்று சொன்னால் சிரிப்பவர் உண்டு; பட்டுக்குக் கிடைக்கும் மரியாதை பருத்திக் கட்டத்துக்குக் கிடைப்பதில்லை. ஆனால் கட்டம் போட்ட துணியின் வடிவம் முழுவதும் தறியில் ஏறுமுன்பே பாவு ஓடும்போது முடிவாகிவிடுகிறது. எத்தனை இழை பச்சை, அடுத்து எத்தனை இழை வெள்ளை, நடுவே கோடாக ஓட எத்தனை சிவப்பு என்ற எண்ணிக்கை பாவில் அமைந்தபின், ஊடையிலும் அதே கணக்கைக் கைவிடாமல் நெய்தால்தான் கட்டம் சதுரமாக விழும். தறி அடிக்கும் கை ஒருநாள் இறுக்கியும் மறுநாள் தளர்த்தியும் அடித்தால் கட்டம் நீண்டோ குறுகியோ போகும். ஓவியர் தவறினால் தீட்டித் திருத்தலாம். பாவில் தவறினால் துணி முழுதும் தவறு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த கட்டத்துணி கடல் கடந்து சென்ற இடங்களில் பெற்ற வாழ்வு, இவ்வுரையின் கருத்துக்கு வலிமையான ஆதாரமாகிறது. சென்னையின் பெயராலேயே வழங்கும் அத்துணி கரீபியத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா ஆகியவற்றில் பெண்களின் தலைக்கட்டாகித் தேசிய உடையின் பகுதியாகவே ஆனது. நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். விலைகொடுத்து வாங்கிய கட்டத்துணியில் தேர்ந்தெடுத்த இழைகளைச் சிறு கத்தியால் அறுத்து உருவி எடுத்து, கட்டத்துக்குள் வேறொரு வடிவம் தோன்றச் செய்து, அதைத் தம் சடங்குகளில் உடுத்தினார்கள். நெய்தவர் இழை சேர்த்து ஒரு வடிவம் செய்தார். உடுத்தவர் இழை நீக்கி இன்னொரு வடிவம் செய்தார். சந்தைச் சரக்காக வந்திறங்கிய ஒன்று இவ்வாறு இரண்டாம் முறை கலையானது.

இதற்கு நேர்மாறான செய்தி அமெரிக்காவிலிருந்து வருகிறது. 1958 வாக்கில் புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற ஆடை நிறுவனத்துக்குப் போன சென்னைக் கட்டத்துணி துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. வாங்கியவர்கள் குறைகூறத் தொடங்கியபோது, சாயம் கசிவதே இத்துணியின் தனிச்சிறப்பு, ஒவ்வொரு துவைப்பிலும் புதுத்துணி என்று விளம்பரம் செய்ததும் அது பெரும் ஃபேஷனாயிற்று என்று துணி வணிக வட்டாரத்தில் சொல்வார்கள். துணியில் ஒன்றும் மாறவில்லை, அதைப் பற்றிய பேச்சுதான் மாறியது. கலபாரிப் பெண் கத்தியால் செய்ததையும் விளம்பரக்காரர் வாயால் செய்ததையும் ஒரே பெயரால் அழைக்க முடியாது. முன்னது உடுப்புக்கலை, பின்னது ஃபேஷன். தாழ்ந்ததாகப் பார்க்கப்படும் கைலித்துணிக்கே இரண்டும் நேர்ந்திருக்கின்றன என்பதால், பட்டோ பருத்தியோ என்பது இவ்வழக்கைத் தீர்க்காது.

எஞ்சியிருந்த மூன்றாவது தடைக்கு இப்போது விடை கூறலாம். மாறுவதனால் ஒன்று கலையல்லாது போகுமானால் ஆடலும் பாடலும் முதலில் போய்விடும். ஆடி முடித்த அடவு அடுத்த நொடி இல்லை. நிலையாமை குற்றமன்று. எதற்காக மாறுகிறது என்பதே பார்க்க வேண்டியது. மேடையின் தூரத்துக்காக, முழங்காலின் விரிவுக்காக, அன்றைய வழிபாட்டுக்காக மாறும் உடை தன்னுள்ளிருந்து ஒரு காரணத்தைக் கொண்டு மாறுகிறது. கடந்த ஆண்டுச் சட்டையை இந்த ஆண்டு அணிய வெட்கப்படச் செய்வதற்காகவே நிகழும் மாற்றத்தில் அந்த உட்காரணம் இல்லை. அதன் காரணம் கடைக்காரரின் கணக்கேட்டில் இருக்கிறது. ஃபேஷனைக் கலையென்று மொத்தமாக ஏற்பதும் மொத்தமாக மறுப்பதும் தவறு. ஃபேஷன் ஓர் இயக்கம். அதன் ஓட்டத்தில் சில வேளை கலை பிறக்கிறது, பல வேளை பிறப்பதில்லை. பிறந்ததா என்பதைக் கொக்கியில் தொங்கும் ஆடையைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஓர் உடல் அதை ஏற்று, ஒரு வேளைக்கும் ஓர் அவைக்கும் பொருந்தி நிற்கும்போதே சொல்ல இயலும். அப்போதும் அந்தக் கலைக்கு உரியவர் ஒருவர் அல்லர், நெய்தவர், சாயமேற்றியவர், தைத்தவர், உடுத்தவர் என்று நால்வர்.

அந்த நால்வருள் மூவரின் பெயர் இவ்வட்டாரத்தில் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சிதம்பரத்தில் 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. குறிஞ்சிப்பாடிக் கைலியின் கட்ட மாதிரிகளைப் பாவு இழைக் கணக்கோடு தொகுப்பதும், நாட்டியாஞ்சலியில் ஆடிய உடைகளுள் தேர்ந்தவற்றைத் தைத்தவர் பெயரோடு பெற்றுக் காப்பதும், அவுரிச் சாயமேற்றும் முறையை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்வதும் இவ்விரு நிறுவனங்களால் இயலாத காரியங்கள் அல்ல. பெருஞ்செலவு பிடிக்கும் வேலையும் அன்று. அந்நிறுவனங்களும், இவ்வுரையைக் கேட்கவும் படிக்கவும் செய்யும் ஆய்வு மாணவர்களும் இவ்வாண்டே அப்பணியைத் தொடங்க வேண்டும்.